போகும் இடம் இல்லாமல் போனால்

பாயான் லெப்பாஸ், மூன்றாம் மாடி, இரவு பத்தே முக்கால்.
குளிர்சாதனம் ஒன்பதுக்கே நின்றுவிட்டது.
லோகேஸ்வரன் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு
மறுபடியும் ஆரம்பிக்கிறான்:
தானே போ என்று சொன்ன பிறகு
கப்பல் வாயைத் திறக்கக் கூடாது.
ஆட்டக்காரனிடம் இருநூறு கப்பல்.
ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுற்றிலும்
என்ன செய்யட்டும், என்ன செய்யட்டும் என்றால்
அவன் பேரரசு ஆள்வானா,
பாலர்பள்ளி நடத்துவானா?

சரிதான்.
ஆனால் சியூ லிங் அனுப்பிய பிழைக் குறிப்பில்
பதினோரு எரிபொருள் கப்பல்கள்
வரிசை குலையாமல்
ஒரே எதிரிக் கோட்டையின் வாசலில் போய்ச் செத்திருக்கின்றன.
முதல் கப்பல் வெடித்ததை இரண்டாவது பார்த்தது.
பார்த்தது என்றால், அதன் பதிவேட்டில் இருக்கிறது.
குறுக்குவழி அதுதான். ஆகவே போனது.
குறிப்பின் அடியில் ஒரே வரி:
"இதுகளுக்குப் பயமே கிடையாதா?"

பயத்தை எந்த அலகில் எழுதுவது?
வெண்பலகையில் கிறுக்கினேன்.
தூரத்தோடு ஆபத்தையும் கூட்டிப் பாதை போடு.
தொட்டி பாதியானதும் திரும்பும் வழியை எண்ணு.
புது எதிரி தென்பட்டால் நில், கேள்;
நேற்றே பார்த்த எதிரிக்கு நிற்காதே.
சரக்குக் கப்பல் சுற்றிக்கொண்டு போகட்டும்.
உளவுக் கப்பல் ஓடட்டும், அதற்கு வெட்கமில்லை.
போர்க்கப்பல்
என்று எழுதியபோது மார்க்கரில் மை தீர்ந்தது.
லோகேஸ் சிரித்தான்.
"போ, தூங்கு. நாளைக்குப் பேசலாம்."

மோட்டாரை எடுத்தேன்.
பாலத்தின் இடது தடம், கடல் காற்று,
தலைக்கவசத்துக்குள் இன்னும் பதினோரு கப்பல்கள்.
கை தானாகச் சிக்னல் போட்டது.
லோரி வந்தபோது கால் தானாகப் பிரேக்கைத் தொட்டது.
பிறையில் அந்தப் பழைய பள்ளத்தைக்கூட
சரியாக விலக்கிப் போனேன்.
தீவிலிருந்து போகிறவர்களுக்குச் சாவடியும் இல்லை,
நிறுத்தி ஒரு கேள்வி கேட்க.

மாடிப்படிக்கு அடியில்
என் மோட்டார் நிற்கும் இடத்தில்
யாருடையதோ ஒரு குழந்தைச் சைக்கிள்.
நான்காம் மாடியில் விளக்கு எரிகிறது.
கொடியில் நான் துவைக்காத துணி.

வழக்கறிஞரின் மேசைமேல் இந்த வீட்டுச் சாவியை வைத்து
இருபத்திரண்டு நாளாகிறது.
நான் இப்போது இருப்பது ஜெலுத்தோங்கில்.
அலுவலகத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம்,
கடலையே தாண்ட வேண்டாம்.

என்ஜினை அணைக்காமல் நின்றேன்.
எங்கள் ஆட்டத்திலும் உண்டு இது.
கப்பல் புறப்பட்ட பிறகு நட்சத்திரம் அழிந்துவிட்டால்
என்ன செய்ய வேண்டும் என்று
நிரலில் எங்கும் ஒரு வரி இல்லை.
கப்பல் போகும்.
பத்தொன்பது சுற்று, பிசகாமல்.
வெறும் இருட்டின் நடுவே போய் நின்று
வந்துவிட்டேன் என்று பச்சை விளக்குப் போடும்.
நம் பட்டியலில் அது வெற்றி.

லோகேஸுக்குத் தட்டினேன்:
போகும் இடம் இல்லாமல் போனால்
கப்பல் அங்கேயே, பாதி வழியிலேயே நிற்க வேண்டும்.
ஆட்டக்காரனை எழுப்ப வேண்டும்.
தூங்கினாலும்.

ஐந்து நிமிடம் கழித்துப் பதில்:
"எத்தனை பேருக்கு இப்படி நடக்கும்?
அடுத்த பதிப்பில் பார்ப்போம்.
நீ எங்கே இருக்கிறாய்?"

மேலே சமையலறை விளக்கு அணைந்தது.
அந்த ஸ்விட்ச் கொஞ்சம் இறுக்கம்,
இரண்டு முறை அழுத்த வேண்டும்.
அவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள்.

பதில் எழுதாமல் திருப்பினேன்.
இந்த முறை ஒவ்வொரு சந்தியிலும்
எங்கே போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே:
நேராக. இடது. பாலம்.
தீவுக்குத் திரும்பும் பக்கம் சாவடி வருகிறது.
மோட்டாருக்குக் காசில்லை, யாரும் நிறுத்துவதில்லை.
ஆனாலும்
வேகத்தைக் குறைத்தேன்.